கேளுங்கள், கதைப்போம்: குப்பைத்தொட்டி, எச்சில் பந்து, 762

சென்ற இதழில் ஒரு வாசகிக்கு பேஸ்போல் பற்றி நான்கு வரி பதில் எழுதியதுதான் தாமதம், திருமலையில் இத்தனை பேர் அந்த விளையாட்டைப் பார்க்கிறீர்களா என்று நான் வாயைப் பிளக்கும் அளவுக்குக் கடிதங்கள். பாதிப் பேருக்கு ரொறன்ரோவில் அண்ணன், மீதிப் பேருக்கு மச்சாள். எங்கே தொடங்கினாலும் கேள்வி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: அளாப்பி விளையாடுகிறவனை என்ன செய்வது? ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அதற்கே. கோழி வளர்ப்புப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2025 தீபாவளிக்கு மறுநாள் காலை ஸ்காபரோவில் இருக்கும் என் அண்ணன் மகனோடு கதைக்க எடுத்தேன். வாழ்த்துச் சொல்லக்கூட விடாமல் ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த அடியைப் பற்றியே கத்திக்கொண்டிருந்தான். அந்த ஸ்பிரிங்கர் முன்பு குப்பைத்தொட்டி தட்டி ஏமாற்றிய அணியில் இருந்தவராமே? இவர்களுக்கு வெட்கமில்லையா? (ஓய்வுபெற்ற தபால் அதிபர், உப்புவெளி)

பதில்: உண்மைதான் ஐயா, இருந்தவர்தான். ஆனால் பெடியனை ஏசாதீர்கள், 1993 க்குப் பிறகு அவனுடைய ஊர் இறுதித் தொடருக்குப் போனது அந்த ஒரு அடியால்தான். அங்கே தீபாவளி இரவு, நமக்கு விடிந்துவிட்டது. அரையிறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், சியாட்டில் முன்னிலையில் இருந்தபோது ஸ்பிரிங்கர் மூன்று ஓட்ட ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே தூக்கும் அடி) அடித்தார், ரொறன்ரோ 4-3 என்று வென்றது. யார்தான் கத்தமாட்டார்கள்?

இனிக் குப்பைத்தொட்டிக்கு வருவோம். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவர், அடுத்து என்ன மாதிரிப் பந்து வேண்டும் என்று எறிபவருக்கு விரலால் சாடை காட்டுவார். வேகப்பந்தா, வளைந்து விழும் பந்தா என்பது அடிப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடித்துவிட்டு ஓடுகிறவர்கள் சுற்றி வரும் தரிப்பிடங்களுக்குப் பேஸ் என்று பெயர், இரண்டாம் பேஸில் நிற்கும் ஓட்டக்காரர் அந்தச் சாடையைத் தன் கண்ணால் பார்த்துப் பிடித்தால் அதில் குற்றம் எதுவும் இல்லை, கெட்டிக்காரன் என்று தட்டிக்கொடுப்பார்கள். ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் 2017 இல் செய்தது வேறு. மைதானத்தின் நடுக்கோடியில் இருந்த கமராவின் படத்தைத் தங்கள் இருப்பிடத்துக்குப் பின்னால் ஒரு திரையில் போட்டுச் சாடையைப் படித்தார்கள். வளையும் பந்து வரப்போகிறதென்றால் பக்கத்திலிருந்த குப்பைத்தொட்டியில் தட்டு, சத்தம் இல்லையென்றால் வேகப்பந்து. கோடிக்கணக்கான டொலர் புரளும் தொழிலில் கடைசிக் கருவி குப்பைத்தொட்டி என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

அந்த வருடம் கிண்ணமும் அவர்களுக்கே. இறுதித் தொடரின் சிறந்த வீரர் வேறு யாருமல்ல, ஸ்பிரிங்கர். 2019 நவம்பரில் அதே அணியில் விளையாடிய எறிபவர் மைக் ஃபையர்ஸ் உள்ளே நடந்ததை வெளியே சொன்னார். 2020 ஜனவரியில் தண்டனை வந்தது: 50 லட்சம் டொலர் அபராதம், புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் முதலிரண்டு சுற்று உரிமை இரண்டு வருடங்களுக்குப் பறிப்பு, பொது முகாமையாளருக்கும் அணி முகாமையாளர் ஹின்ச்சுக்கும் ஒரு வருடத் தடை. இந்த ஹின்ச்சின் கதை வேடிக்கையானது. அவருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை, இரண்டு தடவை அந்தத் திரையையே சேதப்படுத்தியிருக்கிறார், ஆனால் 'நிறுத்துங்கள்' என்று மட்டும் சொல்லவில்லை. வீரர்கள் ஒருவருக்கும் தண்டனை இல்லை. உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவோம் என்ற பேச்சில்தான் விசாரணையே நடந்தது. கிண்ணமும் பறிபோகவில்லை. ஸ்பிரிங்கர் வருத்தம் தெரிவித்தார், 2021 இல் 15 கோடி டொலர் ஒப்பந்தத்தில் ரொறன்ரோவுக்கு வந்தார்.

நீங்கள் வெட்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் வேறொரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் மைக் போல்சிங்கர். 2017 ஓகஸ்ட் 4 ஆம் திகதி ஹூஸ்டனில் எறிய வந்தார், 29 பந்துகளில் நான்கு ஓட்டம் கொடுத்தார், ஒரேயொருவரைத்தான் ஆட்டமிழக்கச் செய்தார். உடனே கீழ்மட்டப் போட்டிகளுக்கு இறக்கிவிட்டார்கள். அதன்பின் முதன்மைப் போட்டியில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. பிற்பாடு ஒரு ஹூஸ்டன் ரசிகரே அந்தப் பருவத்தின் பதிவுகளை உட்கார்ந்து கேட்டுத் தட்டுச் சத்தங்களை எண்ணினார், ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் மிக அதிகமாகத் தட்டுக் கேட்ட ஆட்டம் எது தெரியுமா? அந்த ஓகஸ்ட் 4. போல்சிங்கர் அன்று எந்த அணிக்கு எறிந்தார் என்றும் சொல்லிவிடுகிறேன்: ரொறன்ரோ புளூ ஜேஸ். அண்ணன் மகனிடம் அடுத்த முறை கதைக்கும்போது கேளுங்கள், இந்தப் பெயரை அவன் கேள்விப்பட்டிருக்கிறானா என்று.

கேள்வி: பந்தில் எச்சில் பூசுவது பேஸ்போலில் களவா? (உயர்தர மாணவன், கிண்ணியா)

பதில்: 1920 இலிருந்து களவு, தம்பி. ஆனால் அப்போது அதை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்த 17 பேருக்கு மட்டும் ஓய்வு பெறும்வரை எச்சில் பூச அனுமதி கொடுத்தார்கள். கடைசி ஆள் பேர்லி கிரைம்ஸ் 1934 வரை பூசினார். பிறகு கேலோர்ட் பெரி என்று ஒருவர், 314 வெற்றி. தொப்பியைத் தொடுவார், கழுத்தைத் தொடுவார், எங்கே கிரீஸ் வைத்திருக்கிறார் என்றே தெரியாது, பூசாத நாளிலும் பூசுவது போல நடித்து அடிப்பவனைக் குழப்புவார். இதற்காக ஒரேயொரு தடவைதான் வெளியே அனுப்பினார்கள், அதுவும் 1982 இல், வயது நாற்பதைத் தாண்டிய பிறகு. 1991 இல் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்போல் புகழ்மண்டபத்திலும் சேர்த்துவிட்டார்கள்! இப்போது 2021 ஜூனிலிருந்து எறிபவரின் கை, தொப்பி, இடுப்புப்பட்டி எல்லாம் நடுவர் தடவிப் பார்க்கிறார், பசை அகப்பட்டால் 10 ஆட்டத் தடை.

நம்முடைய கிரிக்கெட்டில் எல்லாம் தலைகீழ். நூறு வருடத்துக்கு மேல் எச்சில் போட்டு மினுக்குவது சாதாரண விஷயம், கொரோனா வந்துதான் சர்வதேசப் போட்டிகளில் அதை நிறுத்தியது. ஆனால் வாயில் இனிப்பு இருக்கும்போது அதே எச்சிலைப் பூசினால் குற்றம், 2018 இல் செயின்ட் லூசியாவில் நம் தினேஷ் சந்திமால் அதில் மாட்டி ஒரு டெஸ்ட் இழந்தார்.

கேள்வி: பரி பொண்ட்ஸ் ஊக்கமருந்து பாவித்தவர் என்று உலகமே சொல்கிறது. பிறகு ஏன் அவருடைய ரெக்கோட்டை இன்னும் அழிக்கவில்லை? ஒலிம்பிக்கில் என்றால் பதக்கத்தைப் பிடுங்கிவிடுவார்களே. (ஆசிரியை, மூதூர்)

பதில்: ரீச்சர், ஒலிம்பிக்கில் பதக்கத்தைப் பிடுங்கினால் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பொண்ட்ஸ் அடித்த 762 ஹோம் ரன்னையும் அழிக்க வேண்டுமென்றால் அந்தப் பந்துகளை எறிந்தவர்களின் கணக்கை என்ன செய்வது, அந்த ஓட்டங்களால் வென்ற ஆட்டங்களை யாருக்குக் கொடுப்பது? ஒரு நூலை இழுத்தால் முழுச் சேலையும் கழன்று வரும். அதனால் பேஸ்போல் எதையும் அழிப்பதில்லை. 2001 இல் ஒரே பருவத்தில் 73, வாழ்நாளில் 762, இரண்டும் அப்படியே இருக்கின்றன.

ஆனால் அழிக்காததற்கு இதைவிட அசிங்கமான காரணமும் உண்டு. 1994 இல் வேலைநிறுத்தத்தால் இறுதித் தொடரே நடக்கவில்லை, ரசிகர்கள் வெறுத்துப் போனார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது 1998 இல் மார்க் மக்வயரும் சமி சோசாவும் போட்டி போட்டு அடித்த அடி. 1961 இலிருந்து நின்ற ரொஜர் மாரிஸின் ஒரே பருவ ரெக்கோட்டான 61 ஐத் தாண்டி ஒருவர் 70, மற்றவர் 66. மக்வயரின் அலுமாரியில் ஒரு மருந்துப் போத்தலை அந்த வருடமே ஒரு நிருபர் கண்டார், அப்போது அந்த மருந்துக்கு பேஸ்போலில் தடை இல்லை. ஸ்டீரொயிட் கூடாது என்று 1991 இலேயே சுற்றறிக்கை இருந்தது, சோதிக்கத்தான் யாரும் இல்லை. தண்டனையுடன் கூடிய பரிசோதனை 2004 இல்தான் வந்தது. மக்வயர் 2010 இல் ஒப்புக்கொண்டார். சோசா மருந்தை விடுங்கள், 2003 இல் ஒரு நாள் மட்டை உடைந்தது, உள்ளே மட்டையை இலேசாக்கக் களவாக அடைத்த தக்கை.

மருந்து விஷயத்தில் பொய்ச்சாட்சி சொன்னதாகப் பொண்ட்ஸ் மீது வழக்கு நடந்தது. நீதிக்கு இடையூறு செய்தார் என்று 2011 இல் ஒரு குற்றம் மட்டும் தீர்ப்பாகி, அதுவும் 2015 இல் மேன்முறையீட்டில் விழுந்துவிட்டது. புகழ்மண்டபத்துக்கு 75 வீத வாக்கு வேண்டும், 2022 இல் எழுத்தாளர்களின் கடைசி வாக்கெடுப்பில் அவருக்கு 66 வீதம். சரி, அது அவர்கள் விருப்பம். ஆனால் இத்தனையும் நடந்தபோது பேஸ்போலின் தலைவராக இருந்த பட் செலிக் அதே மண்டபத்தில் 2017 இலிருந்து இருக்கிறார்! உண்டியல் நிறையும்வரை கண்ணை மூடியிருந்தவருக்கு மாலை, அடித்தவருக்குக் கதவடைப்பு. எனக்கு இது சீரணிக்கவில்லை.

ஹாங்க் ஆரனின் வாழ்நாள் ரெக்கோட்டான 755 ஐப் பொண்ட்ஸ் 2007 இல் தாண்டிய அந்த 756 ஆவது பந்துக்கு என்ன நடந்தது தெரியுமா? மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்பாளர் ஏழரை லட்சம் டொலர் கொடுத்து வாங்கி, என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுப்பு வைத்தார். மக்கள் சொன்னபடி பந்தில் ஒரு நட்சத்திரக் குறி, 'இதில் ஒரு விஷயம் இருக்கிறது' என்கிற மாதிரி, பொறித்து அனுப்பினார். இப்போது புகழ்மண்டபத்தில் பந்து உள்ளே, அடித்தவர் வெளியே. என்னைக் கேட்டால் எண் இருக்கட்டும், பக்கத்தில் கதையையும் எழுதிவையுங்கள் என்பேன். மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதனால் இடம் கிடைக்காமல் கீழ்மட்டப் போட்டிகளில் பஸ் ஏறி இறங்கியே காலத்தைக் கழித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு எந்த ரெக்கோட் புத்தகத்திலும் பக்கம் கிடையாது. எண்ணை அழித்தாலும் கிடைக்கப்போவதில்லை.

கேள்வி: புளூ ஜேஸ் மறுபடி எப்போது கிண்ணம் வெல்லும்? (பெயர் வேண்டாம், பாலையூற்று)

பதில்: 2025 இல் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 11 ஆவது இன்னிங்ஸ் வரை போய்த் தோற்றார்கள். மீதியைக் கோணேசரிடம் கேளுங்கள், இந்தப் பக்கத்துக்கு அவ்வளவு அதிகாரமில்லை.

கேள்வி: விதியை மீறாமலே ஒருவனுடைய ரெக்கோட்டைத் தடுப்பதும் களவுதானே? ஏகாம்பரம் மைதானத்தில் எங்கள் பெடியன் ஒருவன் 98 இல் நிற்கும்போது எதிரணி வேண்டுமென்றே வைட் எறிந்து ஆட்டத்தை முடித்துவிட்டது. இன்னும் ஆறவில்லை. (மென்பந்துக் கழகச் செயலாளர், திருகோணமலை நகர்)

பதில்: அண்ணை, உங்கள் கழகத்துக்கு நடந்ததை நாம் உலகத்துக்கு முன்னாலேயே செய்து காட்டியிருக்கிறோம். 2010 ஓகஸ்ட், தம்புள்ளை. இந்தியாவுக்கு ஒரு ஓட்டம் தேவை, சேவாக் 99. சுராஜ் ரந்திவ் வேண்டுமென்றே நோபோல் போட்டார். சேவாக் அதை சிக்ஸருக்குத் தூக்கினார், ஆனால் நோபோல் ஓட்டத்தோடு ஆட்டம் முடிந்துவிட்டதால் 99 தான். நம் கிரிக்கெட் சபை ரந்திவுக்கு ஒரு ஆட்டத் தடை, டில்ஷானுக்கு அபராதம் போட்டது. அந்த நாளில் எனக்கு இருந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

பேஸ்போலில் இதையே வருடக்கணக்காகச் செய்த நாடு ஜப்பான். சடஹாரு ஓ 1964 இல் ஒரே பருவத்தில் 55 ஹோம் ரன் அடித்தார், வாழ்நாள் கணக்கு 868. மனிதர் உண்மையிலேயே மகான். ஆனால் 1985 இல் ரண்டி பாஸ் என்ற அமெரிக்கர் 54 இல் நிற்கும்போது கடைசி ஆட்டம் ஓ முகாமையாளராக இருந்த அணியோடு. அடிக்க முடியாத இடத்துக்கே பந்தை எறிந்தார்கள், நான்கு கெட்ட பந்து போனால் அடிப்பவர் சும்மா முதல் பேஸுக்கு நடக்க வேண்டியதுதான், அப்படியே நடக்க வைத்தார்கள். 2001 இல் டஃபி றோட்ஸ், 2002 இல் அலெக்ஸ் கப்ரேரா, இருவரும் 55 ஐத் தொட்டபின் இதே நாடகம், இரண்டு தடவையும் எதிரே ஓவின் அணி. தான் அப்படிச் சொல்லவில்லை என்றார் ஓ. சொல்லியிருக்கத் தேவையில்லை, கீழே இருப்பவர்களுக்குப் பெரியவரின் முகம் போதும். கடைசியில் 2013 இல் குராசோவிலிருந்து போன பாலென்டியன் 60 அடித்து அந்தப் பூட்டை உடைத்தார். அந்த வருடம் இன்னொரு கூத்து: பந்தைக் கொஞ்சம் அதிகம் பறக்கிற மாதிரி யாருக்கும் சொல்லாமல் மாற்றியிருந்தார்கள், அது வெளியே வந்து லீக்கின் தலைவரே பதவி விலகினார்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில்: ஆட்டத்தை வெல்ல வைட் எறிந்தால் அது விளையாட்டு. தோற்பது உறுதியான பிறகு ஒருவனின் சதத்தைக் கெடுக்க எறிந்தால் அது எரிச்சல். களவு என்று முறையிட முடியாது, ஆனால் அந்தக் கழகத்தோடு அடுத்த முறை தேத்தண்ணி குடிக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: மருந்து அடித்தவனுக்குச் சில ஆட்டத் தடை, பந்தயம் கட்டியவனுக்கு ஆயுள் தடை. இது என்ன நியாயம்? பீட் றோஸ் தன் அணி வெல்லும் என்றுதானே கட்டினார்? (கடை உரிமையாளர், டைக் வீதி)

பதில்: முதலாளி, உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. 4,256 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸுக்குப் போன அடிகள்), அந்தப் போட்டிகளில் அதைவிட அதிகம் யாரும் அடிக்கவில்லை. 1989 இல் ஆயுள் தடை, 2004 வரை 'நான் பேஸ்போலில் கட்டவில்லை' என்று சாதித்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டார். 2024 இல் இறந்தார், 2025 மே மாதம் இறந்தவர்களுக்கு இனித் தடை இல்லை என்று சொல்லிப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

மருந்து அடிக்கிறவன் வெல்வதற்காக அளாப்புகிறான். பந்தயக்காரனுக்கு வெல்வதைவிடப் பெரிய ஒன்று வந்துவிடுகிறது. றோஸ் தன் அணி வெல்லும் என்றே கட்டினார், சரி. கட்டாத நாளில்? அன்றைக்கு அவருக்கே நம்பிக்கை இல்லை என்று பந்தயம் வாங்குகிறவனுக்குச் செய்தி போய்விடும். அணி முகாமையாளரே அவர்தான் என்பதால், கட்டிய நாளில் நாளைய எறிபவரையும் இன்றைக்கே களைக்க வைக்கத் தோன்றும். கடன் ஏறினால் கடன்காரன் சொல்வதைக் கேட்க வேண்டிவரும். 1919 இல் சிக்காகோ வைற் சொக்ஸ் வீரர்கள் எட்டுப் பேர் இறுதித் தொடரைக் காசுக்குத் தோற்றதாகச் சிக்கி, 1921 இல் ஆயுள் தடை வாங்கியதிலிருந்து இந்தப் பயம் போகவில்லை. எல்லா அணிகளின் உடைமாற்றும் அறையிலும் இந்த விதி ஒட்டப்பட்டிருக்கும், தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது அதே பேஸ்போல் பந்தயக் கம்பனிகளோடு விளம்பர ஒப்பந்தம் போட்டிருக்கிறது, அது வேறு கதை. அடுத்த ஒரு பந்து என்ன ஆகும் என்றுகூடப் போனில் கட்டலாம். 2025 நவம்பரில் கிளீவ்லண்ட் அணியின் எறிபவர்கள் இருவர் மீது, குறிப்பிட்ட பந்துகளை முன்பே சொல்லி வைத்து எறிந்ததாக வழக்குப் போட்டார்கள். இருவரும் மறுத்தார்கள். நம் நாட்டில் 2019 இலிருந்து ஆட்ட நிர்ணயம் சிறைக்குப் போகும் குற்றம். உங்கள் கடையில் ரீவியைச் சுற்றி நின்று 'அடுத்த பந்து நாலா இல்லையா' என்று காசு வைக்கிற பெடியன்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மருந்து, கமரா எல்லாம் வருவதற்கு முன் இருந்த ரெக்கோட்கள்தானே சுத்தமானவை? பேப் ரூத் காலத்தில் மனிதர்கள் மனிதர்களாக இருந்தார்கள். (ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், ஓர்ஸ்ஹில்)

பதில்: வெள்ளையர்கள் வெள்ளையர்களாக இருந்தார்கள் என்று சொல்லுங்கள், பொருந்தும். 1947 ஏப்ரலில் ஜக்கி றொபின்சன் வரும்வரை இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கறுப்பர்களுக்கு அந்தப் போட்டிகளில் இடமில்லை. ரூத் 1927 இல் 60 ஹோம் ரன் அடித்தது நாட்டின் மிகச் சிறந்த எறிபவர்கள் சிலரை ஒரு தடவைகூடச் சந்திக்காமல். கறுப்பர் லீக்குகளில் விளையாடிய ஜோஷ் கிப்சனின் கணக்கை 2024 மே மாதம்தான் முதன்மைப் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே வாழ்நாள் சராசரியில் (அடிக்க வந்த தடவைகளில் எத்தனை பங்கு ஹிட் என்ற கணக்கு) .372 என்று முதலிடம், அத்தனை காலம் முதலில் இருந்த டை கொப் .367 உடன் இரண்டாவதாக இறங்கினார். யாரும் ஊசி போடவில்லை, தொட்டி தட்டவில்லை, ஆனால் இதைவிடப் பெரிய களவை என்னால் காட்ட முடியாது.

கேள்வி: நான் பாடசாலை எல்லே அணியில் இருக்கிறேன். எல்லேயில் ஓடுகிறவர் மேல் பந்து பட்டால் ஆட்டமிழப்பு. போன கிழமை ஓடும்போது பந்து என் சட்டை நுனியில் பட்டது. நடுவர் காணவில்லை. நான் நிற்கப் பார்த்தேன், பயிற்றுவிக்கும் சேர் 'ஓடு ஓடு' என்று கத்தினார். ஓடி முடித்தேன், வென்றோம். நான் செய்தது பிழையா? (மாணவி, தம்பலகாமம்)

பதில்: தங்கச்சி, பேஸ்போல்காரர்களைக் கேட்டால் பிழையே இல்லை என்பார்கள். 2010 இல் டெரெக் ஜீட்டர் என்ற பெரிய வீரர், மட்டைப் பிடியின் நுனியில் பட்ட பந்தைக் கையில் பட்டது போல நடித்து, துள்ளித் துடித்து, சும்மா முதல் பேஸுக்குப் போனார். ஆட்டம் முடிந்ததும் 'நடித்தேன்' என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். எதிரணி முகாமையாளரே என் ஆட்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்று பாராட்டினார்! இன்னொரு பக்கம், 2003 உலகக்கிண்ண அரையிறுதியில் நமக்கு எதிராக ஆடிய அடம் கில்கிறிஸ்ட். நடுவர் ஆட்டமிழப்பு இல்லை என்ற பிறகும் மட்டையில் பட்டது தனக்குத் தெரியும் என்று தானாக நடந்து போனார். அவருடைய அணிக்குள்ளேயே அது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆட்டத்தில் அவர்கள்தான் வென்றார்கள் என்பது நமக்கு வயிற்றெரிச்சல், அதை விடு.

ஓடும் வேகத்தில், சேர் கத்தும்போது, உனக்கு யோசிக்க நேரமிருந்திருக்காது. அதைக் குற்றம் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் உன்னை எறிந்த பிள்ளைக்குத் தான் சரியாக எறிந்தது தெரியும், அவளுக்கு மட்டும்தான் அன்று நியாயம் கிடைக்கவில்லை. பக்கத்துப் பாடசாலைதானே, அடுத்த போட்டியில் காணும்போது 'பட்டதுதான்' என்று அவளிடம் சொல்லிவிடு. சேரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. கோபித்தாரென்றால் எனக்கு எழுதச் சொல்லு, அவருக்கும் பதில் போடுகிறேன்.